தரைக்கு ஒரு பச்சைப் போர்வை
— ஐதராபாத் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பாடம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று திரும்பும் நம் உறுப்பினர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அங்கே வீட்டு முன்னால் கம்பளம் விரித்த மாதிரி ஒரு செடி படர்ந்திருக்கிறது. பனிக்காலத்தில் மற்ற செடியெல்லாம் மொட்டையாக நிற்கும்போதும் அது பச்சையாகவே இருக்கிறது. ஜூனிபர் என்கிறார்கள். நம் ஐதராபாத்தில் வளருமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. சிலர் ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா என்றும் கேட்பதுண்டு.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட நம் இதழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. சுருக்கமான பதில், "வேண்டாம்" என்பதே. ஆனால் அந்தச் செடி அங்கே செய்யும் வேலையை இங்கே செய்வதற்கு வேறு செடிகள் இருக்கின்றன. அவற்றில் சில நம் பாட்டிமார் நன்கறிந்தவை. அவற்றைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

ஜூனிபர் எப்படிப்பட்ட செடி?

படரும் ஜூனிபரின் தாவரவியல் பெயர் ஜூனிபெரஸ் ஹாரிஸான்டாலிஸ். சைப்ரஸ் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கனடாவும் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாயகம். அங்கே மணற்பாங்கான கரைகளிலும் பாறைச் சரிவுகளிலும் தானாக வளர்கிறது. உயரம் ஒரு அடிக்குள் அடங்கிவிடும். அகலமோ ஆறு, ஏழு அடி வரை பரவும். இலைகள் அகலமாக இராமல் செதில் செதிலாகக் கிளையோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் உறைந்து கிடக்கும் மாதங்களில் இலையிலிருந்து ஈரம் போகாமல் காக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அங்கே தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் நீலச்சாயல் கொண்ட 'வில்டோனி' என்ற வகை, 1914-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தீவில் கண்டெடுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஜூனிபர் இனங்கள் உண்டு. இமயமலையில் பத்தாயிரம் அடிக்கு மேல், பெரிய மரங்கள் நின்றுபோகும் உயரத்தில், தரையோடு தரையாகப் படர்ந்து கிடப்பவை அவற்றில் சில. லடாக்கில் அவற்றின் இலைகளைத் தூபமாகப் போடுகிறார்கள். ஆக, குளிர்நாட்டிலோ குளிர்மலையிலோதான் இந்தச் செடிக்கு வாழ்வு.

ஐதராபாத்தில் அதற்கு இரண்டு இடர்ப்பாடுகள். குளிரைத் தாங்குவதற்கென்றே அமைந்த செடிக்கு இங்கே ஓய்வெடுக்கும் குளிர்காலம் கிடையாது. டிசம்பர், ஜனவரியின் சில்லிப்பு அதற்குப் போதாது. அதைவிடப் பெரிய இடர்ப்பாடு மழைக்காலம். ஜூனிபரின் வேருக்கு ஈரம் தேங்கக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த நிலையில் வேரழுகல் நோய் எளிதில் பற்றிக்கொள்ளும். தப்பிப் பிழைத்தாலும் மெதுவாக வளரும் செடி ஆதலால், தரையை மூட மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இங்குள்ள நர்சரிகளில் 'ஜூனிபர்' என்று தொட்டியில் விற்பது பெரும்பாலும் நிமிர்ந்து வளரும் சீன ஜூனிபர். அழகுக்கு வைக்கலாம், தரையை மூடாது.

பெட்டிக்குள் கிளையைக் கொண்டுவருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள செடியைக் கொண்டுவருவதற்கு முன் அனுமதியும், அந்நாட்டு அரசின் நோயற்ற செடி என்ற சான்றிதழும் வேண்டும் என்கிறது 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைக் காப்பு ஆணை. இது வெறும் சம்பிரதாயம் அன்று. நம் காலி மனைகளில் இடுப்பளவு வளர்ந்து வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தைப் பாருங்கள். தெலுங்கில் 'வய்யாரிபாமா' என்று அழகான பெயர் அதற்கு. 1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்த விதை அது. இன்று நாடு முழுவதும் பரவி, பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தருகிறது. ஒரு கைப்பிடி விதை என்ன செய்துவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அது செய்யும் வேலை என்ன?

செடியின் பெயரை மறந்துவிட்டு, அது செய்யும் வேலையை மட்டும் எண்ணிப் பார்ப்போம். வெயில் மண்ணில் நேரே விழாமல் தடுக்கிறது. மழைத்துளி மண்ணை அடித்துக் கரைக்காமல் காக்கிறது. களை முளைக்க இடம் விடுவதில்லை. ஆண்டு முழுவதும் இந்த மூன்று வேலைகளையும் நிறுத்தாமல் செய்கிறது. 'என்றும் பசுமை' என்ற சொல்லின் பொருள் இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊரில் செடிகளுக்குச் சோதனைக் காலம் பனிக்காலம். டிசம்பரில் பச்சையாக இருந்தால் தேர்ச்சி. நம் ஊரில் டிசம்பரில் எந்தச் செடியும் பச்சையாகத்தான் இருக்கும். இங்கே சோதனைக் காலம் ஏப்ரலும் மேயும். மே மாதப் பிற்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு, காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகச் சுடும். காற்று 40 டிகிரி என்றால் மண் 55-ஐத் தாண்டிவிடும். மேல்மண்ணில் மண்புழுவும் நுண்ணுயிரும் எப்படித் தங்கும்? ஆகவே நமக்கு வேண்டிய 'என்றும் பசுமை' கோடையைத் தாங்கும் பசுமை. ஜூனிபர் பனிக்குப் பொருத்தமான விடை. நம் கேள்வியோ கோடையைப் பற்றியது.

நம் மண்ணும் மழையும்

ஐதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல், தக்காணப் பீடபூமியில், கருங்கல் பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. பல இடங்களில் மேலே ஒரு அடி, இரண்டு அடி செம்மண். இங்குள்ளவர்கள் 'சல்கா' என்பார்கள். அதன்கீழ் 'மொரம்' எனப்படும் சரளை. அதற்கும் கீழே பாறை. தஞ்சாவூர் வண்டல் மண்ணை நினைத்துக்கொண்டு இங்கே தோட்டம் போட முடியாது. இந்தச் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் குடித்து, சீக்கிரமே உலர்ந்துவிடும். வெறுமையாக விட்டால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். பிறகு மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும்.

ஆண்டுக்குச் சராசரியாக 80 செ.மீ. வாக்கில் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள், தென்மேற்குப் பருவக்காற்றில் பெய்துவிடுகிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. 2000 ஆகஸ்ட் 24 அன்று பேகம்பேட்டையில் ஒரே நாளில் சுமார் 24 செ.மீ. கொட்டியது. ஆண்டு மழையில் கால் பங்குக்கும் மேல் ஒரே நாளில்! அப்படிப்பட்ட மழையில், மூடப்படாத மண் காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்கும், தெருவிலிருந்து நாலாவுக்கும் போய்விடுகிறது. போன மண் திரும்பி வராது.

நம்மவர்களுக்கு இன்னொரு தடுமாற்றமும் உண்டு. சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தீபாவளியை ஒட்டிச் செடி வைப்பது அங்கே பழக்கம். அதே நினைவோடு இங்கே தீபாவளிக்குச் செடி நட்டால், அப்போது மழை விடைபெற்றுக்கொண்டிருக்கும்; எட்டு மாதம் குழாய் நீரை நம்பியே செடி வாழவேண்டி வரும். இங்கே ஜூன் 8-ம் தேதி வாக்கில் வரும் மிருகசிரா கார்த்தெதான் விவசாயிகளுக்குத் தொடக்கம். ஆஸ்துமாக்காரர்களுக்கு மீன் மருந்து கொடுக்கும் அதே நாள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற நம் பழமொழியை இங்கே ஒரு மாதம் முன்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்தச் செடி?

தரை மூடும் கொடி தமிழருக்குப் புதிதன்று. நெய்தல் நிலத்துச் சங்கப் பாடல்களில் வரும் அடும்பு, கடற்கரை மணலைப் பிடித்து நிறுத்தும் கொடிதான். வேளாண்மையில் இலைதழை பரப்பி மண்ணை மூடுவதை 'மூடாக்கு' என்கிறோம். உயிருள்ள செடியாலேயே மூடினால் அது உயிர் மூடாக்கு. உங்கள் இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று முதலில் ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். பிறகு கீழே உள்ளவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

முழு வெயிலுக்கு:

பொடுதலை. என் முதல் தேர்வு இதுவே. தாவரவியலில் ஃபைலா நோடிஃப்ளோரா. பொடுகுக்குத் தைலம் காய்ச்சுவார்களே, அதே பொடுதலைதான். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் தரையோடு ஒட்டிப் படரும். கணுவுக்குக் கணு வேர் விடும். இலையின் நுனிப்பக்கம் மட்டும் பல் பல்லாக இருக்கும்; வெளிர் நிறத்தில் பொத்தான் அளவுப் பூங்கொத்து. நாலு விரற்கடை உயரத்துக்குமேல் போகாது. ஓரளவு மிதித்தாலும் தாங்கும். இதிலிருந்து ஜப்பானில் உருவாக்கிய 'குராபியா' என்ற வகையைக் கலிபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சத்தை முன்னிட்டுப் புல்தரைக்குப் பதிலாக நடுகிறார்கள். நம் வரப்பில் கேட்பாரற்றுக் கிடந்த செடி அங்கே விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. கடும் கோடையில் தண்ணீர் அறவே இல்லாவிட்டால் கொஞ்சம் வாடிச் சிவக்கும். ஒரு மழை விழுந்ததும் துளிர்த்துவிடும்.

டேபிள் ரோஸ். பத்து மணிப்பூ என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சதைப்பற்றான இலையில் நீரைச் சேமித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏறப் பூக்கும். மேல்மண் குறைவான பாறைப்பகுதிக்கும், அபார்ட்மென்ட் செல்லார் கூரைமேல் கொட்டிய ஒரு அடி மண்ணுக்கும் ஏற்றது. மழைக்காலத்தில் நீர் தேங்கினால் அழுகும். குளிர்காலத்தில் சோர்ந்து போகும். பிப்ரவரியில் நுனிகளைக் கிள்ளி மறுபடி நடவேண்டும். மிதிக்கக் கூடாது. இதன் உறவினரான பருப்புக்கீரையை, தெலங்கானாவில் கங்கவாயிலி என்று பருப்பில் போட்டுச் சமைக்கிறார்கள். அதையும் ஓரத்தில் வளரவிடலாம்.

ஊதாச் செடி. நர்சரிக்காரர்கள் 'செட்கிரீசியா' என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்தது, இலை, தண்டு எல்லாமே ஊதா. ஓர் அடி உயரம் போகும். சுவர் ஓரத்துக்கு நல்லது. இதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்புத் தரும். நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பாதி வெயிலுக்கு:

கொடி நிலக்கடலை. அராக்கிஸ் பின்டாய் என்று கேட்டால் நர்சரியில் தெரியும். பிரேசில் நாட்டுச் செடி, மஞ்சள் பூ. நிலக்கடலைக்கு நெருங்கிய சொந்தம் ஆதலால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். உரச்செலவு குறையும். நிலக்கடலையையும் ஆராயும் பெரிய நிலையம் ஒன்று நம் பக்கத்திலேயே பட்டான்செருவில் இருக்கிறது. 1972-ல் தொடங்கிய இக்ரிசாட், நிலக்கடலையின் காட்டு உறவினங்களின் விதைகளையும் பாதுகாத்து வருகிறது. இந்தச் செடிக்குக் கோடையில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

பொன்னாங்கண்ணியும் சர்க்கரைவள்ளியும். இங்கே 'பொன்னகண்டி கூர' என்று கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அதன் தண்டையே நட்டால் பிடித்துக்கொள்ளும். சர்க்கரைவள்ளிக் கொடி இரண்டே மாதத்தில் தரையை மறைத்துவிடும். தரையும் மூடும், சட்டிக்கும் ஆகும். கிழங்கு தோண்டும்போது மட்டும் இடம் வெறுமையாகும்.

நிழலுக்கு:

வல்லாரை. தெலுங்கில் 'சரஸ்வதி ஆக்கு'. மாமரத்தடியிலும் துவைக்கும் கல்லுக்கு அருகிலும், ஈரம் இருக்கும் இடத்தில் வட்ட வட்ட இலைகளோடு அழகாகப் படரும். சோப்பு நீர் போகும் இடத்து இலையைத் துவையலுக்குப் பறிக்காதீர்கள். ஈரம் குறைந்த நிழலுக்குக் கற்பூரவள்ளி வைக்கலாம். இங்கே 'வாமு ஆக்கு' என்று கேளுங்கள். வெள்ளிக்கோடு போட்ட இலைகளுடைய 'ஜீப்ரினா'வும் நிழலில் நன்றாகவே மூடும்.

ஒரு செடியைப் பற்றி எச்சரிக்கை

"தரையை மூட ஏதாவது கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் உங்கள் கையில் வருவது பெரும்பாலும் வெடேலியாவாகத்தான் இருக்கும். பளபளக்கும் இலை, சூரியகாந்தி போன்ற சிறு மஞ்சள் பூ. விலை குறைவு, மூன்று மாதத்தில் இடத்தை நிரப்பிவிடும். சாலை நடுத்திட்டுகளிலும் பார்க்குகளிலும் பார்த்திருப்பீர்கள்.

வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இந்தச் செடி, உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவி இனங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வெட்டிப்போட்ட ஒரு கணு போதும், வேர் விட்டுவிடும். தோட்டக்கழிவை மாலி நாலாவில் கொட்டுகிறார். மழைநீர் அதை ஏரிக்கரைக்குக் கொண்டுபோகிறது. அங்கே பொடுதலையும் வல்லாரையும் வளர்ந்த இடத்தை வெடேலியா பிடித்துக்கொள்கிறது. நம் வீட்டு மதிலுக்குள் அழகாக இருப்பது மதிலுக்கு வெளியே வேறு செடிகளை வாழவிடாமல் செய்கிறது.

இதில் நம்மவர்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. வெடேலியாவைப் பார்த்து "மஞ்சள் கரிசலாங்கண்ணி" என்று நினைத்துக் கீரையாகப் பறிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே பேரினம்தான், ஆனால் ஒன்றல்ல. கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு, மடல் பிரியாமல் இருக்கும். வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். தெளிவாகத் தெரியாவிட்டால் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஏற்கனவே உங்கள் வீட்டில் வெடேலியா இருந்தால், வேரோடு பிடுங்கி, தண்டுகள் முழுவதும் காய்ந்து சருகான பிறகே குப்பையில் சேருங்கள்.

செய்முறை

10 அடிக்கு 10 அடி இடம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஏப்ரல்: ஓர் அடி ஆழம் கொத்துங்கள். புதிய வீடாக இருந்தால் மேஸ்திரி விட்டுப்போன சிமெண்ட், சுண்ணாம்பு, செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். அவை மண்ணைக் காரமாக்கும். செடியின் இளம் இலை மஞ்சள் பூத்துப் போகும். கோரைக்கிழங்கைக் கையாலேயே தோண்டி எடுக்கவேண்டும். மேலே இலையை மட்டும் அறுத்தால் அது மறுவாரமே எட்டிப் பார்க்கும்.

மே: மண்ணைச் சமன் செய்து நன்றாக நனைத்து, நிறமில்லாத பாலிதீன் தாளால் மூடி, நான்கு ஓரங்களையும் மண்ணில் புதைத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும். உள்ளே ஏறும் சூட்டில் களை விதைகளில் பெரும்பாலானவை வெந்துவிடும். நம்மை வாட்டும் வெயிலிடம் இப்படி ஒரு வேலை வாங்கிக்கொள்ளலாம். மருந்து எதுவும் தேவையில்லை.

ஜூன்: முதல் நல்ல மழைக்குப் பின் தாளை எடுத்துவிட்டு, நான்கு கூடை மக்கிய எருவும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் மேலாகக் கலந்துவிடுங்கள். மறுபடி ஆழமாகக் கொத்தினால் அடியிலுள்ள களை விதை மேலே வந்துவிடும். பொடுதலை என்றால் மூன்று நான்கு கணு உள்ள துண்டுகளை 8 அங்குல இடைவெளியில் நடலாம். நூறு சதுர அடிக்கு 225 துண்டுகள் ஆகும். மலைத்துவிடாதீர்கள், பிப்ரவரியில் இரண்டு மூன்று தொட்டிகளில் வளர்த்து வைத்தால் ஜூனில் அத்தனையும் வீட்டிலேயே கிடைக்கும். ஊதாச் செடிக்கு ஓர் அடி இடைவெளி. 100 துண்டுகள் போதும். சரிவான இடமாக இருந்தால் வரிசைகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைச் செடி வருமாறு நடுங்கள். வழிந்தோடும் நீர் ஒவ்வொரு செடியிலும் தடுக்கி, மண்ணை அங்கங்கே விட்டுச்செல்லும்.

ஜூலை, ஆகஸ்ட்: இந்த இரண்டு மாதம்தான் கை வேலை. வாரத்துக்கு ஒருமுறை இடைவெளிகளில் முளைக்கும் களையைப் பிடுங்குங்கள். செடிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பிறகு களை தானே குறையும். செப்டம்பருக்குள் தரை பெரும்பாலும் மறைந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அது ஒரு லிட்டர். குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். நூறு சதுர அடி என்பது சுமார் 9.3 சதுர மீட்டர்.

புல்தரையைக் கோடையில் பச்சையாக வைக்க நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் வேண்டும் என்று கொண்டால், தினம் 55 லிட்டர். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதங்களில் 5,000 லிட்டருக்கு மேல். அதாவது ஒரு சிறிய டேங்கர். வேரூன்றிய பொடுதலைக்கு நான் வாரம் இருமுறை, முறைக்கு 110 லிட்டர் விடுகிறேன். மூன்று மாதத்துக்கு 2,900 லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. டேபிள் ரோஸுக்கு வாரம் ஒருமுறை போதும். அதில் பாதி வாக்கில் ஆகும். அரிசி, காய்கறி கழுவிய நீரையே வாளியில் சேர்த்து வைத்தால் இதில் ஒரு பகுதி கழிந்துவிடும். தண்ணீரை மாலையிலோ அதிகாலையிலோ விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே வேரைக் கீழே இறங்கச் செய்யும்.

கோடையில் போர்வெல் வற்றி, தெருவில் டேங்கருக்குக் காத்திருப்பது நம் காலனிகள் பலவற்றிலும் ஆண்டுதோறும் காணும் காட்சி. அப்படியிருக்க, அழகுக்காக 5,000 லிட்டர் செலவழிக்க மனம் ஒப்புமா? ஆகவே சிலர் தோட்டமே வேண்டாமென்று முற்றம் முழுவதும் சிமெண்ட் போட்டுவிடுகிறார்கள். அதன்பின் மழைநீர் ஒரு சொட்டும் கீழே இறங்காது; அடுத்த கோடையில் போர்வெல் இன்னும் சீக்கிரம் வற்றும். புல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இருக்கிறது என்பதை நம் உறுப்பினர்கள் அறியவேண்டும் என்பதே என் ஆசை. மழைநீருக்காக 'இங்குடு குந்த' வெட்டியிருப்பவர்கள் அதைச் சுற்றிலும் பொடுதலை போட்டுவிட்டால் சேறு உள்ளே இறங்கிக் குழி அடைபடுவது குறையும்.

வழக்கமாக எழும் ஐயங்கள்

"பாம்பு வராதா?" பாம்பு ஒளிவதற்கு உயரமும் புதரும் வேண்டும். நாலு விரற்கடைப் பொடுதலையில் அது எளிதில் மறைய முடியாது. ஊதாச் செடி, சர்க்கரைவள்ளி போன்ற உயரமானவற்றை வாசலுக்கும் நடைபாதைக்கும் அருகே வைக்காதீர்கள். எலி சேரும்படி குப்பையையும் விடாதீர்கள்.

"சுவருக்குக் கேடு உண்டா?" வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியே நடுங்கள். ஈரமும் கரையானும் சுவரை அண்டாது.

"குழந்தைகள் விளையாடலாமா?" பொடுதலை பூத்திருக்கும்போது தேனீக்கள் வரும். வெறுங்காலோடு ஓடவிடாதீர்கள், அல்லது பூவை மேலாகக் கத்தரித்துவிடுங்கள்.

"வாசலை மண் தெரியப் பெருக்கி வைப்பதுதானே நம் வழக்கம்? செடி மண்டிய வாசல் ஆளில்லாத வீடு மாதிரி இருக்காதா?" இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊரில் சாணம் மெழுகிக் கெட்டிப்பட்ட முற்றம் வேறு. இங்கே சரிவில் கிடக்கும் பொலபொலத்த செம்மண் வேறு. வாசற்படிக்கு முன் ஆறடிக்கு ஆறடி இடத்தைக் கோலத்துக்கென்று விட்டுவிடுங்கள். தினமும் தெளித்துப் பெருக்கலாம். மீதியிடத்தைச் செடி மூடட்டும். அதன்பின் காற்றடிக்கும் நாளில் வீட்டுக்குள் வரும் செம்மண் தூசி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பெருக்குகிறவர்களே சொல்வார்கள்.

இந்தக் கோடையில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு வெறும் மண்ணில் ஓர் இடத்திலும், செடி மூடிய மண்ணில் ஓர் இடத்திலும் தோட்டத்துத் தெர்மாமீட்டரை இரண்டு அங்குலம் செருகி, பத்து நிமிடம் கழித்துப் பிள்ளைகளை அளவைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் எழுதி, செடியின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் குறித்து நம் இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பொடுதலைத் துண்டு வேண்டுவோர் ஜூன் மாதச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு பையோடு வாருங்கள். என் வீட்டில் மண்டிக் கிடக்கிறது. எத்தனை பேர் வந்தாலும் கொடுக்கிறேன்.